போனைத் தட்டுவதா, ஸ்கேனா, அட்டையா, ரொக்கமா? சென்னையில் தினமும் எதைக் கையில் வைத்துக்கொள்வது

சென்னையில் ஒருவர் காலையில் பேருந்து ஏறி, மெட்ரோ மாறி, வழியில் டீ குடித்து, மாலையில் காய்கறி வாங்கி வீடு திரும்புவதற்குள் பணம் கொடுக்க நான்கு வழிகள் இருக்கின்றன. கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆரை ஸ்கேன் செய்யலாம். மெட்ரோவிலும் பேருந்திலும் செல்லும் சிங்காரச் சென்னை என்ற பயண அட்டையைத் தட்டலாம். வங்கி அட்டையைப் போனுக்குள் ஏற்றிவைத்துக்கொண்டு போனையே மெஷினில் தட்டலாம். இல்லையென்றால் ரொக்கமாகவே கொடுக்கலாம். இவற்றில் எதை யார் நம்பலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயணத்துக்குச் சிங்காரச் சென்னை அட்டை. கடைக்கு யுபிஐ ஸ்கேன், அதிலும் சின்னத் தொகையைப் பின் எண் இல்லாமல் கொடுக்கும் யுபிஐ லைட். பர்ஸில் கொஞ்சம் ரொக்கம். போனைத் தட்டுவது சிலருக்கு மட்டும் பயன்படும். மற்றவர்கள் அது இல்லையே என்று வருத்தப்பட வேண்டியதில்லை.

கடைசியாகச் சொன்னதை ஏற்பதற்குப் பலருக்கும் தயக்கம் இருக்கும். லண்டனில் 2012-லேயே பேருந்திலும் 2014-இல் சுரங்க ரயிலிலும் வங்கி அட்டையைத் தட்டி ஏறத் தொடங்கிவிட்டார்கள். அப்புறம் போன் வந்தது. அதே மெஷினில் போனைக் காட்டினால் போதும் என்றாகிவிட்டது. வெளிநாட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் கேட்கும் கேள்வி இதுதான்: நம் ஊரில் மட்டும் ஏன் இது இன்னும் வரவில்லை? வரவில்லை என்று சொல்ல முடியாது. சாம்சங் பே 2017 மார்ச்சிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. தேய்க்க மட்டுமே தெரிந்த பழைய ஸ்வைப் மெஷினிலும் வேலை செய்யும்படி காந்த அலை அனுப்பும் வசதி அதில் இருந்தது. கூகுள் பே 2020-இல் வங்கி அட்டையை ஏற்றித் தட்டும் வசதியைக் கொடுத்தது. வழி வந்துவிட்டது. மக்கள்தான் அதன் பக்கம் போகவில்லை.

போனைத் தட்டுவது ஏன் ஓரமாகவே நின்றுவிட்டது

சென்னைக்காரர்களுக்குத் தொழில்நுட்பத்தில் தயக்கம் என்று இதற்குக் காரணம் சொல்பவர்களை நான் ஏற்கவே மாட்டேன். பூக்கூடைக்குப் பக்கத்தில் க்யூஆர் ஒட்டிய அட்டையைச் சாய்த்து வைத்திருக்கும் அம்மா இருக்கும் ஊர் இது. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. மெஷினுக்கு யார் பணம் கொடுப்பது என்பதில்தான் எல்லாமே நின்றுபோனது.

போனைத் தட்ட வேண்டுமென்றால், போனிலும் எதிரே உள்ள மெஷினிலும் என்எஃப்சி, அதாவது அருகில் வைத்தாலே தகவல் மாற்றிக்கொள்ளும் சிப், வேண்டும். அந்த மெஷினுக்கு வாடகை உண்டு. கிரெடிட் கார்டு தட்டினால் சுமார் 2 சதவீதம் வரை கடைக்காரர் கையிலிருந்து போகும். மளிகைக் கடையில் பல பொருள்களுக்கு மொத்த லாபமே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். க்யூஆருக்கு வேண்டியதோ ஒரு காகிதம். 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் அட்டைக்கும் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அரசு சொல்லிவிட்டது. நூறு ரூபாய் ஸ்கேன் செய்தால் நூறு ரூபாயும் கணக்குக்கு வந்துவிடும். இந்த இரண்டில் எதைக் கடைக்காரர் எடுப்பார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வாங்குபவர் பக்கத்திலும் தடை இருந்தது. விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் என்எஃப்சி கிடையாது. ஸ்கேன் செய்யக் கேமரா போதும், அது எல்லாப் போனிலும் இருக்கிறது. ஆப்பிள் பே 2014-இல் அமெரிக்காவில் தொடங்கியது. பத்து ஆண்டு கழித்தும் இந்தியாவுக்கு வரவில்லை. ஆக, விலை உயர்ந்த ஐபோன் வைத்திருந்தவருக்கும் கடையில் ஸ்கேன்தான் வழி. கூகுள் வாலட் 2024 மே மாதம் இங்கே வந்தபோதும் போர்டிங் பாஸ், டிக்கெட் இவற்றையெல்லாம் சேமித்துவைக்கும் பெட்டியாகத்தான் வந்தது. பணம் கொடுக்கும் வேலை கூகுள் பேயிடமே இருந்தது.

அட்டையைத் தட்டுவதற்கே ஒரு பூட்டு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாக வரும் அட்டையில் தட்டும் வசதி அணைந்தே வரும். நாம்தான் வங்கிச் செயலிக்குள் போய் அதைத் திறக்க வேண்டும். பாதுகாப்புக்கு அது சரியான விதி. ஆனால் தட்டிப் பார்த்து வேலை செய்யாமல் போனவர், தன் அட்டைக்கு அந்த வசதியே இல்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார். திறந்துவைத்தவருக்கு ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை பின் எண் கேட்காமல் போகும். 2021 ஜனவரிக்கு முன் இந்த வரம்பு 2,000-ஆக இருந்தது.

சரி, போனைத் தட்டுவதால் யாருக்கு லாபம்? கிரெடிட் கார்டு வைத்திருந்து, மால், பெரிய துணிக்கடை, சூப்பர் மார்க்கெட், பெட்ரோல் பங்க் என்று நல்ல மெஷின் இருக்கும் இடங்களிலேயே அதிகம் செலவு செய்பவருக்கு. பர்ஸை எடுக்க வேண்டாம். அட்டை எண்ணும் கடைக்குப் போகாது, அதற்குப் பதில் ஒரு மாற்று எண்தான் போகும். போன் பூட்டைத் திறந்தால்தான் வேலை செய்யும் என்பதால் தொலைந்த அட்டையைவிடத் தொலைந்த போனில் ஆபத்து குறைவு. பாதுகாப்பை மட்டும் பார்த்தால் நான்கிலும் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். ஆனால் 2022-க்குப் பிறகு ரூபே கிரெடிட் கார்டையே யுபிஐயுடன் சேர்த்து க்யூஆரை ஸ்கேன் செய்ய முடிகிறது. கிரெடிட் கார்டு தரும் பரிசுப் புள்ளிகளுக்காகத் தட்டியவருக்கும் அந்தக் காரணம் பாதி போய்விட்டது.

கடையில்: ஸ்கேன், ஆனால் லைட் வைத்துக்கொண்டு

யுபிஐ 2016 ஏப்ரலில் அறிமுகமானது. அதே ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் யுபிஐ நாடு முழுக்க 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. இதைப் பற்றி நான் புதிதாகப் புகழ்ந்து சொல்ல ஒன்றுமில்லை. டீக்கடை முதல் நகைக்கடை வரை ஓடுகிறது. சொல்ல வேண்டியது அதன் தொல்லைகளைப் பற்றி.

முதல் தொல்லை, நேரம். சாயங்காலம் டீக்கடையில் ஐந்து பேர் நிற்கிறார்கள். போனைத் திறந்து, செயலியைத் திறந்து, க்யூஆரைப் பிடித்து, தொகை அடித்து, பின் எண் போட்டு, சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கடைக்காரர் காது சவுண்ட்பாக்ஸ் பக்கம் இருக்கும். அது பணம் வந்ததாகத் தமிழில் சொல்லும்வரை யாரும் நகர முடியாது. பணம் போகாமலேயே போனதுபோன்ற படத்தைப் போனில் காட்டி ஏமாற்றியவர்கள் இருந்ததால்தான் அந்தப் பெட்டியே கடைக்கு வந்தது.

இரண்டாவது, பன்னிரண்டு ரூபாய் டீக்கும் வங்கியின் சர்வர் வரை போய்வர வேண்டும். வங்கி சர்வர் படுத்துவிட்டால் நம் டீயும் நின்றுவிடும். 2025 மார்ச் 26-ஆம் தேதியும் ஏப்ரல் 12-ஆம் தேதியும் யுபிஐ நாடு முழுக்கவே முடங்கியது. அந்த மாதிரி நாளில் எந்தச் செயலியும் உதவாது. ஆனால் அன்றாடம் தொல்லை கொடுப்பது நம் வங்கி மட்டும் படுத்துக்கொள்ளும் நேரங்கள்தான், அதற்கு மருந்து இருக்கிறது.

யுபிஐ லைட் 2022 செப்டம்பரில் வந்தது. இன்னும் பலர் அதைத் திறக்கவே இல்லை என்பது எனக்கு ஆதங்கம். வங்கிக் கணக்கிலிருந்து கொஞ்சம் பணத்தை முன்கூட்டியே போனுக்குள் ஒதுக்கி வைக்கிறோம். அதிகபட்சம் 5,000 ரூபாய். ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமல் அதிலிருந்து போய்விடும். ஆரம்பத்தில் 200 ரூபாய், 2,000 ரூபாய் என்று இருந்த வரம்புகளை ரிசர்வ் வங்கி படிப்படியாக உயர்த்தியது. ஒவ்வொரு டீக்கும் வங்கி சர்வரைத் தட்டி எழுப்ப வேண்டியதில்லை என்பதால் தோல்வி குறைவு. மாதக் கடைசியில் பாஸ்புக்கைப் பார்த்தால் பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று பக்கம் பக்கமாக ஓடாது. லைட்டில் பணம் ஏற்றிய பதிவு மட்டும்தான் இருக்கும். வருமான வரிக்கோ கடனுக்கோ கணக்கு அறிக்கை எடுக்கிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. பின் எண் இல்லை என்பதால் திறந்த போன் யார் கையில் கிடைத்தாலும் அந்தத் தொகை போகலாம். ஆகவே செயலிக்குத் தனிப் பூட்டு போட்டுவிட்டு, ஐநூறு ஆயிரத்துக்கு மேல் வைக்காதீர்கள். போன் மாற்றும் முன் லைட்டில் மிச்சம் இருப்பதை வங்கிக் கணக்குக்குத் திருப்பிவிடுங்கள். இன்னொன்று, லைட்டுக்கும் இணையம் வேண்டும். இணையமே இல்லாமல் இரண்டு போன்களைத் தட்டிப் பணம் மாற்றும் யுபிஐ லைட் எக்ஸ் 2023-இல் வந்தது. ஆனால் அதற்கு இரண்டு பக்கமும் என்எஃப்சி வேண்டும், பழைய கதைதான்.

பணம் கணக்கிலிருந்து போய்க் கடைக்கு வராமல் நின்றால் பதற வேண்டாம். கடைக்குச் செலுத்திய பணம் இப்படிச் சிக்கினால் பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே விதி போட்டிருக்கிறது. கேட்டால்தான் தருவோம் என்று வங்கி சொல்லக் கூடாது, அதுவும் அந்த விதியிலேயே இருக்கிறது. இது தெரியாமல் ஐம்பது நூறு ரூபாயை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

பேருந்திலும் மெட்ரோவிலும்: இங்கேதான் தட்டுவதற்கு அர்த்தம் இருக்கிறது

கடையில் மெஷினுக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி பேருந்தில் எழாது. கண்டக்டர் கையில் டிக்கெட் மெஷின் எப்படியும் இருக்கிறது. மெட்ரோ கதவில் தட்டும் இடம் எப்படியும் இருக்கிறது. செலவை வேறொருவர் செய்து முடித்துவிட்ட இடத்தில் தட்டுவதன் வேகம் மட்டும் நமக்கு மிச்சமாகக் கிடைக்கிறது. இதனால்தான் பயணத்தில் மட்டும் நான் ஸ்கேனை விட்டு அட்டை பக்கம் சாய்கிறேன்.

29சி பேருந்தில் காலை எட்டரை மணிக்கு நிற்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு கை கம்பியில். தோளில் பை. கண்டக்டர் இறங்குமிடத்தை மெஷினில் அழுத்தியதும் சின்னத் திரையில் க்யூஆர் வரும். அதற்கு நேராகப் போனைப் பிடிக்க வேண்டும். வண்டி குலுங்கும், கேமரா பிடிக்காது. பிடித்தால் பின் எண் போட வேண்டும், அதுவும் பக்கத்தில் நிற்பவர் கண் முன்னால். நெட்வொர்க் இழுக்கும்போது அடுத்த நிறுத்தம் வந்துவிடும், ஏறியவர்களுக்கு டிக்கெட் போட முடியாமல் கண்டக்டர் நம்மருகிலேயே நிற்பார். அவர் "சில்லறையா குடுத்துடுங்களேன்" என்று கேட்பதில் தவறு காணவே முடியாது. அட்டையென்றால் மெஷினில் வைத்த மாத்திரத்தில் சீட்டு வந்துவிடும். பணம் அட்டையின் சிப்புக்குள்ளேயே இருப்பதால் அந்த நொடியில் நெட்வொர்க்கே தேவையில்லை.

இந்த அட்டைக்குப் பின்னால் இருப்பது என்சிஎம்சி என்ற தேசிய ஏற்பாடு. 2019 மார்ச்சில் தொடங்கியது. சென்னையில் மெட்ரோ நிறுவனமும் ஸ்டேட் வங்கியும் சேர்ந்து 2023 ஏப்ரலில் சிங்காரச் சென்னை அட்டையாகக் கொண்டுவந்தன. மாநகரப் பேருந்தில் அது செல்லத் தொடங்கியது 2025 ஜனவரியில். நடுவில் இருந்த அந்த ஏறக்குறைய இரண்டு ஆண்டு இடைவெளிதான் இது மெதுவாகப் பரவியதற்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். மெட்ரோவுக்கு மட்டும் என்றால் பழைய மெட்ரோ பயண அட்டையே போதுமே, எதற்காக மாற வேண்டும்? இப்போது மெட்ரோ அந்தப் பழைய அட்டையைக் கைவிட்டுப் புதியதற்கு மாறிவிட்டது. பெங்களூர், மும்பை, டெல்லி மெட்ரோக்களிலும் இதே அட்டை செல்லும் என்பது ஊர் ஊராக அலைகிறவர்களுக்குக் கூடுதல் வசதி.

இதன் குறைகளையும் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டும். சிப்புக்குள் 2,000 ரூபாய்க்கு மேல் வைக்க முடியாது. இணையத்தில் பணம் ஏற்றினால் அது நேராகச் சிப்புக்குள் போய் உட்காராது. நிலையத்தில் இருக்கும் மெஷினில் ஒருமுறை அட்டையை வைத்து இருப்பைப் புதுப்பிக்க வேண்டும். பணம் ஏற்றியும் கதவு திறக்கவில்லையே என்று கவுன்டரில் வந்து நிற்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். அட்டை தொலைந்தால் சிப்பில் இருந்த பணமும் போனதுதான், ரொக்கம் தொலைந்தது போல. ஆகவே ஒரு வாரச் செலவுக்கு மேல் அதில் ஏற்றிவைக்க வேண்டாம்.

மெட்ரோவில் மட்டும் பயணம் செய்பவருக்கு அட்டைக்கும் போன் க்யூஆருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 10 முதல் 50 ரூபாய் வரையுள்ள கட்டணத்தில் இரண்டுக்கும் 20 சதவீதத் தள்ளுபடி உண்டு. 2023 மே மாதத்திலிருந்து வாட்ஸ்அப்பிலேயே டிக்கெட் எடுக்கலாம். எப்போதாவது குடும்பத்தோடு போகிறவர்களுக்கு வாட்ஸ்அப்தான் நல்லது; ஒரே தடவையில் எல்லோருக்கும் எடுத்துவிடலாம், அட்டையென்றால் ஆளுக்கொன்று வேண்டும். தினமும் போகிறவருக்கு அட்டை. கதவு முன்னால் நின்று போன் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும் வேலை மிச்சம்.

புறநகர் ரயில் தனிக் கதை. காகிதம் இல்லாத செயலி டிக்கெட்டை ரயில்வே 2015-இல் எழும்பூர் தாம்பரம் தடத்தில்தான் முதலில் தொடங்கியது. சென்னைக்காரர்கள் இதில் நாட்டுக்கே முன்னோடி, அது பெரிதாகப் பேசப்படாததில் எனக்கு வருத்தம் உண்டு. இப்போது ரயில்வேயின் ரயில்ஒன் செயலியில் எடுக்கலாம். மூன்றையும் இணைக்க 2025 செப்டம்பரில் சென்னை ஒன் செயலி வந்தது. மெட்ரோ, மாநகரப் பேருந்து, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் சீட்டு. பரங்கிமலையில் ரயிலிலிருந்து மெட்ரோவுக்கு மாறுகிற மாதிரிப் பயணத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஏறும் முன், நிறுத்தத்தில் நிற்கும்போதே சீட்டை எடுத்துவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின் எண் போடும் பாடும் இல்லை.

பெண்களுக்கு இந்தக் கணக்கே மாறும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பேருந்துகளில் மட்டுமே போய்வருகிற ஒருவருக்கு அட்டையும் வேண்டாம், செயலியும் வேண்டாம். பேருந்துகளில் மின்னணுக் கட்டணம் ஏன் வேகமாக வளரவில்லை என்று கேட்பவர்கள், ஏறுபவர்களில் எத்தனை பேர் பணமே கொடுக்க வேண்டியதில்லை என்பதை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். அது தோல்வி ஆகாது. டீலக்ஸ், ஏசி பேருந்து, மெட்ரோ என்று கலந்து போகிற பெண்களுக்கு மட்டும் அட்டை பயன்படும். அறுபது வயது தாண்டியவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் பத்து இலவச டோக்கன் உண்டு. அதை வாங்காமல் இருப்பவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரொக்கத்தை விட்டுவிடாதீர்கள்

2016 டிசம்பர் 12. நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஏடிஎம்களில் பணம் இல்லை, அட்டையைத் தேய்த்துச் சமாளித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு வர்தா புயல் நகரத்தின் மேலேயே கரை கடந்தது. மின்சாரம் போனது, நெட்வொர்க் போனது, ஸ்வைப் மெஷின்கள் செத்துப்போயின. கையில் நோட்டும் இல்லை, அட்டையும் ஓடாது. தண்ணீர் கேன் வாங்கவே தெரிந்த கடையில் கடன் சொல்ல வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் பல தெருக்களில் நாட்கணக்கில் மின்சாரமும் சிக்னலும் இல்லை. அந்த நாட்களில் படகில் வந்த பால் பாக்கெட்டுக்குக் கொடுக்க நோட்டு தவிர வேறு எதுவும் உதவியிருக்காது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பர் முடியும்வரை, வீட்டில் ஒரு வாரச் செலவுக்கான பணம் நூறு, ஐம்பது, இருபது ரூபாய்த் தாள்களாக இருக்கட்டும். ஐநூறு ரூபாய்த் தாளாக வைத்துப் பயன் இல்லை. அந்த நேரத்தில் யாரிடமும் சில்லறை இருக்காது. மற்ற மாதங்களில் பர்ஸில் இருநூறு முந்நூறு போதும். அன்றாடத்துக்கு ரொக்கத்தையே நம்புவதை நான் சிபாரிசு செய்யவில்லை. ஐந்து ரூபாய் டிக்கெட்டுக்கு நூறு ரூபாய் நீட்டினால் கண்டக்டர் முகம் எப்படி மாறும் என்று எல்லோருக்கும் தெரியும்.

வீட்டில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும்

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் பகுதி இது. பணம் கொடுக்கும் வழி எல்லாமே போனுக்குள் போய்விட்டால், சின்ன எழுத்தைப் படிக்க முடியாதவர், ஸ்மார்ட்போன் வாங்க வசதி இல்லாதவர், பின் எண்ணை நினைவில் வைக்கச் சிரமப்படுகிறவர் எல்லோரும் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும். அவர்களைப் பார்த்து "கத்துக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போவது நியாயம் இல்லை.

அப்பா, அம்மா தனியாக மெட்ரோவில் மருத்துவமனைக்குப் போய்வருகிறார்கள் என்றால் அவர்களுக்குச் சிங்காரச் சென்னை அட்டையை வாங்கிக் கொடுங்கள். அதில் படிக்க எதுவும் இல்லை, அழுத்த எதுவும் இல்லை. வைக்க வேண்டும், கதவு திறக்கும். ஏமாற்றுக்காரன் போனில் பேசி அதிலிருந்து பணத்தை எடுக்க முடியாது. போனால் அதில் ஏற்றிய முந்நூறு ரூபாய்தான் போகும். கடைக்குப் போக ரொக்கமே அவர்களுக்கு வசதி என்றால் அப்படியே இருக்கட்டும்.

கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு, அல்லது ஜிபேயை ஓரளவு கையாளத் தெரிந்த அம்மாவுக்கு, யுபிஐ சர்க்கிள் என்ற வசதியைப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் வந்தது. உங்கள் கணக்கிலிருந்து அவர்கள் போன் வழியாகச் செலவு செய்ய அனுமதி கொடுக்கலாம். முழு அனுமதி என்றால் மாதத்துக்கு 15,000 ரூபாய் வரை; பகுதி அனுமதி என்றால் ஒவ்வொரு முறையும் உங்களிடம் கேட்டுத்தான் போகும். அம்மாவின் ஓய்வூதியக் கணக்கை அப்படியே யுபிஐயோடு இணைத்துவிட்டு, பிறகு யாராவது ஏமாற்றிவிடுவார்களோ என்று தினமும் பயப்படுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கடை வைத்திருப்பவருக்கு ஒரு வார்த்தை

சின்னக் கடை என்றால் க்யூஆரும், மாதம் நூறு ரூபாய்க்கு முன்பின் வாடகையில் வரும் சவுண்ட்பாக்ஸும் போதும். ஸ்வைப் மெஷினைத் தலையில் கட்டப் பார்ப்பவர்களிடம், மாதத்தில் எத்தனை பேர் அட்டை நீட்டுகிறார்கள் என்று உங்கள் கணக்கைப் பார்த்தபின் பேசுங்கள். அட்டையும் வேண்டும் என்றால், அட்டையைத் தட்டிக்கொள்ளும் சவுண்ட்பாக்ஸ்கள் 2023-இலிருந்து வந்துவிட்டன. தனி மெஷினைவிட மலிவு. வாரம் ஒருமுறையாவது உங்கள் க்யூஆர் மேல் வேறு யாராவது ஒட்டிவிட்டார்களா என்று பாருங்கள்.

க்யூஆர் இரண்டு நிறுவனங்களுடையதாக இருப்பது நல்லது. 2024-இல் பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டபோது, அந்த வங்கியிலேயே பணம் சேர்த்துவந்த கடைக்காரர்கள் மார்ச் 15-க்குள் வேறு வங்கிக்கு மாற வேண்டியிருந்தது. ஜிஎஸ்டி பயமும் இருக்கிறது. 2025 ஜூலையில் பெங்களூரில் யுபிஐ வரவை வைத்து நோட்டீஸ் வந்ததும் பல கடைகள் க்யூஆரையே எடுத்துவிட்டன. சரக்கு விற்பனை ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்பது ரொக்கத்தில் விற்றாலும் உள்ள விதிதான். க்யூஆரை எடுத்துவிட்டால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார். நல்ல கணக்காளரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவது அதைவிட மலிவு. பால், காய்கறி போன்ற வரியில்லாப் பொருள்கள் விற்கிறவர்கள் அதையும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

எப்போது இந்த முடிவை மாற்றுவேன்

இரண்டு விஷயங்கள் நடந்தால் போனைத் தட்டுவதை எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். ஒன்று, மெட்ரோ கதவும் கண்டக்டர் மெஷினும் எந்த வங்கி அட்டையையும், அந்த அட்டையை ஏற்றிய போனையும் நேரடியாக ஏற்க வேண்டும். மெட்ரோ முதல் கட்டத்தின் 54 கிலோமீட்டரோடு இரண்டாம் கட்டத்தின் சுமார் 119 கிலோமீட்டரும் சேரப்போகிறது; புதிய கதவுகள் வைக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும், பிறகு மாற்றுவது செலவு. இரண்டு, கடை க்யூஆர் அட்டைக்குள்ளேயே மலிவான என்எஃப்சி சில்லு ஒன்றைப் பதித்து, கேமராவுக்குப் பதில் போனை அதில் வைத்தாலே யுபிஐ திறந்துகொள்ளும் ஏற்பாடு 2023-லேயே அறிமுகமாகிவிட்டது. அதற்குக் கடையில் மெஷினே வேண்டாம். யுபிஐ லைட்டும் அதோடு சேர்ந்தால் பின் எண்ணும் வேண்டாம். தெருக்கடை வரை அது பரவினால் சென்னையில் தட்டுவது ஸ்கேனை நிச்சயம் முந்திவிடும்.

அதுவரை, அடுத்த போன் வாங்கும்போது என்எஃப்சி இருக்கிறதே என்பதற்காக மட்டும் இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஆளுக்கொரு பயண அட்டை வாங்கிப் பணமும் ஏற்றிவிடலாம்.